பெட்டைப் பறவையின் அடையாளங்கள்

மாவு மில் சீனிச்சாமியின் தோளில் முதல் இறகு முளைத்தபோது அதை மல்லித்தூள் என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லோரும் தட்டிவிட்டோம். அரிசி அரைத்த அன்றைக்கு வெளுத்தும் மிளகாய் அரைத்த அன்றைக்குச் சிவந்தும் திரிகிற ஆள் அவன் என்பதால், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் அவன் இடது தோளில் செம்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு தரம் துண்டால் தட்டினார்கள், அது விழவில்லை, கடைசியில் ஒருவர் பிடித்து இழுக்க, சீனிச்சாமி 'ஆத்தாடி' என்று கத்தினான், அப்புறம்தான் அது உள்ளே வேர்விட்ட சங்கதி என்று தெரிந்தது.

எங்கள் ஆலாவேந்தல் இதற்கெல்லாம் மலைத்துப்போகிற ஊர் இல்லை. கண்மாய் நிறைந்தால் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். அவை இருக்கிறவரை தீபாவளிக்கு வெடி கிடையாது, கரைமேல் கொட்டு கிடையாது, கல்யாண ஊர்வலம்கூடக் கரையைத் தாண்டும்வரை நாயனத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு பூனைநடை நடந்துதான் போகும். ஆகவே சாவடியில் கூடியபோது இவனுக்கு ஏன் இறகு முளைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, முளைத்தவனை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் பொழுது சாயும்வரை பேசினோம். மில்லுக்கு அடுத்த கோழிக்கடைக்காரர் மரியாதைக்காகத் தன் கடை முகப்பில் சாக்குப் படுதா தொங்கவிட்டார். பறவைக்குப் பக்கத்தில் சத்தம் கூடாது என்பது ஊர் வழக்கம், ஆனால் அந்தப் பறவையே மோட்டாரை ஓட்டினால் என்ன செய்வது என்று பெரிய வாக்குவாதம் நடந்து, மோட்டாரைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவது என்று முடிவாயிற்று. கோயில் வரியை மனுசனாகக் கட்டுவதா பறவையாக விட்டுவிடுவதா என்று கேட்டதற்குச் சீனிச்சாமி பாதி கட்டுகிறேன் என்றான், அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தையல்காரர் அவன் சட்டைகளின் பக்கவாட்டைப் பிரித்து நாடா வைத்துத் தந்தார். பெண்கள் மாவைச் சலிக்கும்போது சல்லடையில் தங்கிய சின்ன இறகுகளை எடுத்துக் காது குடைய வைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் தாங்க முடியாத ஒரே ஆள் ஆதிமூலம்.

ஆதிமூலம் எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஊரில் எவருடைய ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தாலும் அதில் அவர் 'நாடியத் தூக்கு, நாடியத் தூக்கு' என்று சொல்லி எடுத்த முகம்தான் இருக்கும். ஆனால் அது பிழைப்பு. அவருடைய உயிர் கண்மாயில் இருந்தது. விடிகிற முன்னே பைனாகுலரை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி நிற்பார். வானத்தின் கோடியில் ஒரு புள்ளி அசைந்தால், அது இறக்கையடிக்கிற விதத்தை வைத்தே நீர்க்காகமா பாம்புத்தாராவா என்று சொல்லிவிடுவார். ஒரே மாதிரி இருந்து நம்மை அழவைக்கிற உள்ளான்களைக்கூடக் காலின் நிறம், அலகின் வளைவு, புருவக்கோட்டின் நீளம் என்று பிரித்துப் பிரித்து வைப்பார். அவருக்குப் பேர் வந்ததே குயிலால்தான். கறுப்பாக இருப்பது குயில் என்றும், உடம்பெல்லாம் புள்ளியாக இருப்பது வேறு ஏதோ பறவை என்றும் நாங்கள் காலங்காலமாக நம்பிக்கொண்டிருந்தபோது, 'அடப் பாவிகளா, ரெண்டும் ஒரே சாதிடா, கறுப்பு சேவலு, புள்ளி பெட்டை, புருசன் பொண்டாட்டியத் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்கீங்களே' என்று சாவடியில் நின்று அவர் சிரித்த சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு, அதை ஆமா போடுவது என்போம். ஒருவர் ஒரு பறவையைக் கண்டால் அதன் அடையாளங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட நிற்கிற இன்னொருவர் தன் கண்ணாலும் பார்த்து 'ஆமா' என்று சொல்ல வேண்டும். ஆமா விழாத பறவை தை மாதக் கணக்கெடுப்பில் சேராது, எவ்வளவு பெரிய ஆள் பார்த்திருந்தாலும் சரி. இது நாளடைவில் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போய், மாடு வாங்கினாலும் பெண் பார்த்தாலும்கூட ஒருவர் அடையாளம் சொல்ல இன்னொருவர் ஆமா போட்டால்தான் மனசு ஆறும்.

ஆதிமூலம் இப்படி வாழ்நாளெல்லாம் பறவைக்காகச் சேற்றில் ஊறிக்கிடக்க, ஒரு பறவை வந்து அவர் மேல் இறங்கவில்லை. காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் வித்தியாசம் தெரியாத, பறவை என்றால் எச்சம் போடும் என்பதற்கு மேல் எதுவும் அறியாத சீனிச்சாமி மேல் போய் இறங்கியது. ஆதிமூலத்துக்கு வயிறு எரிந்தது, எரிந்ததை அவர் மறைக்கவும் இல்லை. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, 'எனக்கு ஒரு இறகு, ஒரே ஒரு இறகு குடுத்திருக்கக் கூடாதா' என்று சாமியைக் கேட்டாராம். அவர் மனைவி பவுனம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, 'குடுத்தா எங்க வச்சுக்குவீக' என்று கேட்டாளாம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் யாரும் கேட்டதில்லை. 'ஏ இவளே' என்பார், அவ்வளவுதான்.

ஊர் வற்புறுத்தியதால் ஒருநாள் மில்லுக்கு வந்தார். கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு பைனாகுலர் வழியாகச் சீனிச்சாமியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மைனாக் குஞ்சு," என்றார். "மொத இறகு. வெயில் வந்தா உதிந்துரும்."

"நாப்பது தாண்டியாச்சே, குஞ்சாண்ணே?" என்று சீனிச்சாமி பாவமாகக் கேட்டான்.

"அடையாளம் சொல்றது நான். உனக்கு என்னடா தெரியும்?"

அவர் சொன்னால் ஆமா போட்டே பழகிய வாய்கள் எங்களுடையவை, ஆமா போட்டுவிட்டோம். மைனாவுக்கா இத்தனை ஏற்பாடு செய்தோம் என்று கோழிக்கடைக்காரர் படுதாவைப் பாதி சுருட்டிக்கூட வைத்தார்.

ஆனால் வெயில் வந்தது, இறகு உதிரவில்லை. மாசியில் சீனிச்சாமி ஒரு காலைப்பொழுதில் மில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, டீக்கடையில் தம்ளர் தூக்கியவர்கள் தூக்கினபடியே நின்றார்கள். தோள் இரண்டும் தேய்த்து வைத்த செம்புப் பானை நிறம், கழுத்து பட்டுப்புடவைக் கடையில் மயில்கழுத்து என்று எடுத்துப் போடுவார்களே அந்த நிறம், தலையில் நுனி வெளுத்த கறுப்புக் கொண்டை, பின்னால் தரையைக் கூட்டிக்கொண்டு வந்த இரண்டு நீள வால் இறகுகள். நகரப் பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பார்த்துவிட்டு, சுற்றி வந்து இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். சீனிச்சாமிக்கு வெட்கம் தாங்கவில்லை; வாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய் மோட்டாரைப் போட்டுவிட்டான்.

'என்னண்ணே, உங்க மைனாவுக்கு வாலு ஒரு கெசம் இருக்கு' என்று டீக்கடையில் யாரோ கேட்டதிலிருந்து ஆதிமூலம் அங்கே டீ குடிப்பதை விட்டுவிட்டார்.

பங்குனியில் வனத்துறை ஜீப்பில் சென்னையிலிருந்து வனஜா மேடம் வந்தார். பறவைகளை இனம் பிரித்து வகைப்படுத்துவதே அவருக்கு வேலை. சீனிச்சாமியின் இறக்கையை அளந்தார், அலகு இல்லாததால் மூக்கை அளந்தார், எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை என்றார். புது இனமாக இருக்கலாம். முதலில் அடையாளம் சொல்பவர் பேரை அதற்கு வைப்பது உண்டு என்றும் சொன்னார். அப்போது ஆதிமூலத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், அதுவரை அவனைக் கண்டாலே ஆகாதவர், ஓடிப்போய்ச் சீனிச்சாமியின் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"ஆனா ஒரு சேவலை மட்டும் வச்சு நான் எதுவும் எழுத முடியாது சார்," என்றார் மேடம். "பெட்டை வேணும். சேவல் இவ்வளவு பளபளப்பா இருந்தா பெட்டை அதுக்கு நேரெதிரா இருக்கும். மங்கலா, மண்ணு கலர்ல, பக்கத்துலயே இருந்தாலும் தெரியாது. கண்டுபிடிங்க. உங்களால முடியலைன்னா வேற யாராலயும் முடியாது."

அன்றிலிருந்து ஆதிமூலத்துக்கு வேறு நினைப்பில்லை. ஸ்டூடியோவைப் பாதி நாள் பூட்டிவிட்டு, வற்றிப்போன கண்மாய்க்குள் புல் புல்லாக விலக்கித் தேடினார். நெட்டைக்காலிகளையும் வானம்பாடிகளையும், முன்பெல்லாம் 'சின்னது, மங்கலு, விட்டுத்தள்ளு' என்று தாண்டிப்போன ஒவ்வொரு பழுப்பு உருப்படியையும் குனிந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் பேச்செல்லாம் அந்தப் பெட்டைதான்.

"எப்பிடி இருக்கும்ங்கிற? காஞ்ச கோரை மாதிரி இருக்கும். தொண்டை வைக்கோல் நெறம். கண்ணுக்கு மேல வெளுத்த கோடு ஒண்ணு ஓடும். பாத்தா ஒண்ணுமே இருக்காது, சும்மா கெடக்குற மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். ஆனா அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு."

"அப்பிடியா," என்பாள் பவுனம்மா, முழுக்கை ரவிக்கையின் பித்தானை மணிக்கட்டுவரை போட்டபடி, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு. சித்திரை வெயிலில் எதற்கு இவள் இப்படிப் போர்த்திக்கொண்டு திரிகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவர் எதிரிலேயே தலையைச் சாய்த்துக் காதோர முடியை ஒதுக்குவாள், விளக்குப் பக்கம் கழுத்தைத் திருப்புவாள், தண்ணீர் ஊற்றும் சாக்கில் குனிவாள். அவர் கண் அவளைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே வேலியில் உட்கார்ந்திருக்கும் தவிட்டுக்குருவியில் இருக்கும்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. படித்துறையில் பவுனம்மா ஈரச் சேலையோடு நின்றபோது அவள் முதுகில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த பழுப்பு இறகுகளை அவர்கள் எப்போதோ பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, கொசு வராமல் இருக்க வேப்பிலைப் புகை காட்டி, மகளிர் குழுக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும் முதுகு சாயாத முக்காலி போட்டு, எல்லாவற்றையும் பழகிக்கொண்டுவிட்டார்கள். ஆண்கள் எங்களிடம் ஒரு வார்த்தை வரவில்லை. 'இன்னும் ஒங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லலையா' என்று கேட்டவளிடம் பவுனம்மா, 'பாக்கட்டும்டி. பாக்குறதுதான அவுக வேலை' என்றாளாம்.

அப்படியே ஆடி போய், மழை வந்து, கண்மாய் மறுபடியும் நிறைந்து, பறவைகள் திரும்பி வந்து, மார்கழியில் மகளிர் குழுவுக்குப் போட்டோ வேண்டும் என்று பவுனம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்த முக்காலியில் உட்காருவது அதுதான் முதல் தடவை. கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் காதால் கேட்டதையும் பவுனம்மா பிற்பாடு பெண்களிடம் சொன்னதையும் வைத்துத்தான் நான் சொல்கிறேன், பார்த்ததாகச் சொன்னால் பொய்.

"முந்தானைய எடு. கழுத்துத் தெரியணும்," என்றார் ஆதிமூலம், வேறு யாரிடமோ சொல்வதுபோல. "முடிய ஒதுக்கு. ரெண்டு காதும் தெரியலைன்னா திருப்பி அனுப்பிருவான். நாடியத் தூக்கு."

அவள் முந்தானையை எடுத்தாள். முடியை ஒதுக்கினாள். நாடியைத் தூக்கினாள். அவர் கேமராவுக்குள் கண்ணை வைத்தார்.

அப்புறம் ஆதிமூலம், சேற்றுக்குள் நின்று அபூர்வமான ஒன்றைக் காணும்போது அவர் தொண்டையிலிருந்து வரும் அந்தச் சின்ன முனகலோடு 'ஹா' என்றார். கண்ணுக்கு மேல் வெளுத்த கோடு. வைக்கோல் நிறத் தொண்டை. காதுக்குப் பின்னால் காய்ந்த கோரை நிறத்தில் படிந்து இறங்கிய இறகு வரிசை. அந்த ஒரு கணம் அவருக்குச் சந்தோஷம்தான், கலப்படம் இல்லாத சந்தோஷம். அடுத்த கணம் அந்தப் பெட்டை எந்தச் சேவலுக்கு ஜோடி என்பது உறைத்தது.

"எப்பருந்து?"

"போன வருசம் கார்த்திகையில இருந்து."

"மொதல்ல யாரு பாத்தா?"

"சீனிச்சாமிதான். மில்லுல மாவு டின்னத் தூக்கக் குனிஞ்சேன். மதினி, காதுக்குப் பின்னால இறகு ஒண்ணு இருக்கு, மாவு இல்ல, தட்டிறாதீகன்னு சொன்னாப்ல."

"அவன் எதுக்கு ஒன் காதுக்குப் பின்னால பாத்தான்?"

"நீங்க எதுக்குப் பாக்கல?"



"அவன்கிட்ட என்ன பேசுவ நீ? உண்மையச் சொல்லு."

"அரிசின்னா நைசாங்குவேன், கோதுமைன்னா குருணையாங்குவேன். வேற என்னத்தப் பேச. ஒரு வருசமா ஒங்க முன்னாடி கழுத்தத் திருப்பித் திருப்பிச் சுளுக்கே விழுந்துபோச்சு."

"புடுங்கிட்டா?"

"முளைக்கும்."

"அப்ப மூடிக்க," என்றார் ஆதிமூலம். "இனிமே மில்லுக்கு நீ போகக் கூடாது. யாருகிட்டயும் காட்டக் கூடாது."

"நான் என்ன பறவைன்னு மட்டும் சொல்லிருங்க. போயிர்றேன்."

ஊரில் எல்லாப் பறவைக்கும் பேர் சொன்ன மனுசன், தன் பேரையே ஒரு பறவைக்கு வைக்கலாம் என்று இருந்த மனுசன், வாயைத் திறந்தால் போதும் என்று இருந்த நேரத்தில், "பனிக்குத் தோலு வறண்டிருக்கு, வேற ஒண்ணும் இல்ல," என்றார்.

பவுனம்மா முந்தானையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். போட்டோ எடுக்கப்படவில்லை. அன்று சாயங்காலமே அவர் வனஜா மேடத்துக்குப் போன் போட்டு, பெட்டை கிடையாது, எல்லா இடத்திலும் தேடியாயிற்று, இது தனிச் சேவல், விட்டுவிடுங்கள் என்று சொன்னார். போனை வைத்தபின் அழுதார் என்கிறார்கள். அழுதது பேர் போனதற்கா பெண்டாட்டி போய்விடுவாள் என்றா என்று எங்களுக்குள் இன்னும் கருத்து ஒத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு ஆதிமூலம் பட்டபாட்டை நாங்கள் கண்ணாரக் கண்டோம். மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் அவரே வந்து நின்றார். 'நைசா அண்ணே, குருணையாண்ணே' என்று சீனிச்சாமி கேட்டால், அந்தக் கேள்விக்குள் ஏதோ ஒளிந்திருப்பதுபோல அவன் வாயையே உற்றுப் பார்த்தார். அவனுடைய செம்புத் தோளைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சுண்டியது. வீட்டில் சன்னல்களைச் சாத்தினார். மொட்டைமாடிக்குப் போகும் கதவுக்குப் பூட்டு வாங்கினார். கரைமேல் நின்றாலும் பைனாகுலர் கண்மாய்ப் பக்கம் இல்லை, ஊர்ப் பக்கம், மில் வாசலில் யார் நுழைகிறார்கள் யார் வெளியே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே ஆயிரம் நாரைகள் கூடு கட்டிக்கொண்டிருக்க, அவர் மாவு டின் தூக்கிப்போகும் பெண்களின் முதுகை அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை பிடித்த மனுசனைப் பார்ப்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது.

தை மாதக் கணக்கெடுப்பு வந்தது. சீனிச்சாமியை எண்ணுவதா, அல்லது எண்ணுகிறவர்களில் ஒருவனாகச் சேர்ப்பதா என்று சாவடியில் பழையபடி வாக்குவாதம் நடந்து, எண்ணட்டும் என்று முடிவாயிற்று. யாரோடு ஜோடி சேர்ப்பது என்று கேட்டபோது ஆதிமூலம் முந்திக்கொண்டு, 'என்னோட வரட்டும், மேல மடைக்கு' என்றார். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊரே கரைமேல் இருக்கும்போது சீனிச்சாமியைத் தன் கண்ணுக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டால்தான் அவருக்கு நிம்மதி.

விடியக் கருக்கலில் மேல மடைக்கு இரண்டு பேரும் போய் நின்றார்கள். மற்ற ஜோடிகள் கரை நெடுகப் பரவி நின்றன. பனி விலகவும் மரங்களிலிருந்து பறவைகள் கிளம்ப ஆரம்பித்தன. ஆதிமூலம் அடையாளம் சொல்ல, சீனிச்சாமி ஆமா ஆமா என்று போட்டுக்கொண்டே வந்தான். தெரிந்து போட்டானோ தெரியாமல் போட்டானோ, அவர் அவனை நம்பவில்லை, ஆனால் வழக்கம் வழக்கம்தான்.

வெளிச்சம் நன்றாக வந்தபோது பவுனம்மா பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கரைமேல் நடந்து வந்தாள். ஒவ்வொரு வருடமும் வருகிறவள்தான். கணக்கெடுப்புக் காப்பி அவளுடையது. முதல் தம்ளரை ஆதிமூலத்திடம் கொடுத்தாள், இரண்டாவதைச் சீனிச்சாமியிடம் கொடுத்தாள். இருவர் கையும் தம்ளருக்கு நீண்டபோது யார் விரல் எங்கே பட்டது என்று ஆதிமூலம் பார்த்தார். அவள் அதைப் பார்த்தாள். பிளாஸ்க்கை மூடிக் கீழே வைத்தாள்.

"தோலு வறண்டது ரொம்பக் கூடிப்போச்சுங்க," என்றாள். "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்."

மடையின் கல்மேல் ஏறி நின்று, முழுக்கை ரவிக்கையின் பித்தான்களை மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காய்ந்த கோரை நிறத்தில், மண் நிறத்தில், சேறு நிறத்தில், கரையோடு கரையாகத் தெரியாமல் போகிற நிறத்தில் இரண்டு பெரிய இறக்கைகள் சேலைக்குள்ளிருந்து பிரிந்து வந்தன, கண்மாய்க் காற்று அவற்றுக்குள் நுழைந்தது, அவள் கால் கல்லைவிட்டு எழும்பியது.

ஆதிமூலத்தின் கையிலிருந்த தம்ளர் தண்ணீருக்குள் விழுந்தது. பறவை எழும்பினால் அது மறைவதற்குள் அடையாளம் சொல்லிவிட வேண்டும் என்பது அவருக்குள் ஊறிக் கிடந்த பழக்கம். வாய் தன்பாட்டுக்குக் கத்த ஆரம்பித்தது.

"புருவக்கோடு வெளுப்பு, காது தாண்டிப் போகுது! தொண்டை வைக்கோல் நெறம்! மாருல கோடு கோடா! இறக்கைக்கு அடியில, இறக்கைக்கு அடியில வெள்ளை, இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல! வால் ஓரம் செம்பு! எடது கால்ல அரிவாமணைத் தழும்பு! எறங்காது, வளைஞ்சு தெக்க போகுது, தெக்க போகுது பவுனு! ஏய் பவுனு!"

அதுதான் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட முதல் தடவை. அவள் அதற்குள் கருவேல மரங்களுக்கு மேலே போயிருந்தாள். பிறகு நாரைக்கூட்டத்துக்கு மேலே. பிறகு தெற்கே ஒரு புள்ளி, இறக்கையடிக்கிற விதத்தை வைத்துக்கூட யாரும் எதுவும் சொல்ல முடியாத புள்ளி.

ஆதிமூலம் சீனிச்சாமியின் சட்டையைப் பிடித்தார். "போடா. நீயும் போ. அதுக்குத்தான இத்தன பவுசு ஒனக்கு. போய்ச் சேந்துக்க."

சீனிச்சாமி செம்புத் தோள்களை விரித்து, மயில்கழுத்தை நீட்டி, தன்னால் முடிந்த மட்டும் அடித்துப் பார்த்தான். மடைக்கரைத் தூசி எழும்பியது. அவன் எழும்பவில்லை. நீள வால் இரண்டும் சேற்றில் புரண்டன.

"எனக்கு வராதுண்ணே," என்றான் மூச்சு வாங்க. "எனக்கு இது சும்மா அழகுக்குத்தான் போல. எத்தனையோ வாட்டி பாத்துட்டேன். மில்லு வாசலத் தாண்ட மாட்டேங்குது."

ஆதிமூலத்தின் கை சட்டையிலிருந்து நழுவியது. ஒரு வருடமாக யாரைப் பார்த்து எரிந்தாரோ அவன் சேறு படிந்த வாலைப் பிழிந்துகொண்டு அவர் பக்கத்திலேயே நின்றான். எரிவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. தெற்கே வானம் வெறுமையாகக் கிடந்தது.

தூரத்திலிருந்து நாங்கள் ஓடிவந்து சேர்ந்தபோது, வனஜா மேடத்துக்குச் சொல்ல வேண்டும், கணக்கில் ஏற்ற வேண்டும், அடையாளம் சொல்லியாயிற்று, ஆமா விழ வேண்டும், அவ்வளவுதான் மிச்சம் என்பதுபோல ஆதிமூலம் பிடிவாதமாக நின்றுகொண்டிருந்தார். அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு இனி அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

"நான் சொன்னதெல்லாம் பாத்தியாடா? ஆமா போடு."

"ஆமாண்ணே. கோடு, தொண்டை, தழும்பு, எல்லாம் சரி." சீனிச்சாமி தயங்கினான். "ஒண்ணு மட்டும் விட்டுட்டீக."

"எத?"

"மதினி சிரிச்சுக்கிட்டே போனாகளே."

ஆதிமூலம் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஒரே ஒருத்தராவது வேறு மாதிரி சொல்ல மாட்டோமா என்று இருந்தது அந்தப் பார்வை. நாங்கள் தூரத்தில் இருந்தோம், எங்களுக்கு இறக்கைதான் தெரிந்தது.

"நான் பாக்கலையே," என்றார்.

இருவர் பார்த்தால்தான் கணக்கு. ஆகவே அந்தப் பெட்டையின் அடையாளங்களில் எல்லாம் ஏறியது, சிரிப்பு ஏறவில்லை. வனஜா மேடம் அந்த இனத்துக்கு ஆதிமூலத்தின் பேரையே வைத்துவிட்டார். பாராட்டு விழாவுக்கு மாலையோடு காத்திருந்தவர்களை விட்டுவிட்டு அவர் மில்லுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் போகிறார். வீட்டில் அரைக்க வேண்டியது எதுவும் இல்லை, பொங்கிப் போட ஆளும் இல்லை, ஆனாலும் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். அவர் முறை வந்ததும் சீனிச்சாமி மோட்டாரை நிறுத்துவான். ஊரிலேயே அவருக்குப் பிடிக்காத அந்த ஒருத்தனிடம் குனிந்து, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, அவள் சிரித்தது எப்படி இருந்தது என்று இன்னொரு தரம் கேட்பார்.